மலக்கோ என்று சொல், மொலொக்கோ என்று எழுது

ரஷ்யாவுக்குப் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள், பால் வாங்கக் கடைக்குப் போனேன். விடுதிக்குக் கீழே இருந்த சின்னக் கடை. பொருள்கள் எல்லாம் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும், கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். விமானத்திலேயே முப்பத்து மூன்று எழுத்துகளையும் மனப்பாடம் செய்துவிட்ட திமிர் எனக்கு. தூரத்தில் தெரிந்த பால் அட்டைப்பெட்டியை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "மொலொக்கோ" என்றேன். கடைக்கார அம்மா புருவத்தைத் தூக்கினார். இன்னும் அழுத்தி "மொ-லொ-க்கோ" என்றேன். கடைசியில் கையை நீட்டிக் காட்டினேன். "ஆ, மலக்கோ!" என்று சிரித்தபடி எடுத்து வைத்தார்.

அறைக்கு வந்து பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூன்று ஓ, முட்டை முட்டையாக, சந்தேகத்துக்கே இடமில்லாமல் இருந்தன. அந்த அம்மா சொன்னதில் ஓ ஒன்றுதான். மற்ற இரண்டும் எங்கே போயின?

தமிழ் படித்து வளர்ந்தவனுக்கு இது சின்ன அதிர்ச்சி இல்லை. நாம் எழுத்துக் கூட்டிப் படித்தால் சொல் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் வளர்ந்தவர்கள். கண்ணில் ஓ பட்டால் வாயில் ஓ வரும். ரஷ்ய மொழியில் ஓ ஓவாக ஒலிக்க வேண்டுமென்றால் அதன்மேல் அழுத்தம் விழ வேண்டும். அழுத்தம் விழாத ஓ, ஆ-வாக மழுங்கிவிடும். சரி, அழுத்தம் எங்கே விழும்? அது எழுத்தில் இருக்காது. குழந்தைகளுக்கான புத்தகத்திலும், எங்களைப் போன்ற வெளிநாட்டுக்காரர்களின் பாடநூலிலும் மட்டும் மேலே ஒரு சின்னக் கோடு போட்டிருப்பார்கள். வெளியே வந்தால் அதுவும் கிடையாது. ஒரு சொல்லைப் பாருங்கள், அதே ஐந்து எழுத்துதான். முதல் அசையில் அழுத்தினால் கோட்டை, இரண்டாவதில் அழுத்தினால் பூட்டு.

நான் மருத்துவம் படிக்கப் போனவன். வோல்கா கரையில் ஓர் ஊர். முதல் வருடம் முழுக்க ரஷ்ய மொழி மட்டும்தான். அந்த ஆயத்த வகுப்பை எல்லோரும் 'பொத்ஃபாக்' என்பார்கள். எங்களுக்கு வாய்த்த ஆசிரியை ஐம்பதைத் தாண்டியவர். சிரிப்பு குறைவு, பொறுமை அதிகம். என் முதல் சொல்வதெழுதலில் 'தண்ணீர்' என்ற சொல்லைக் காதில் விழுந்தபடி 'வதா' என்று எழுதியிருந்தேன். அவர் ஆ-வை வட்டமிட்டு, "இதற்கு உறவுக்காரர்கள் யாரும் இல்லையா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது. அதுதான் ரஷ்ய எழுத்திலக்கணத்தின் ஆணிவேர். அழுத்தமில்லாத உயிரெழுத்தில் சந்தேகம் வந்தால், அதே வேரிலிருந்து கிளைத்த இன்னொரு சொல்லை, அந்த இடத்தில் அழுத்தம் விழுகிற சொல்லைத் தேட வேண்டும். 'வதா'வின் பன்மை 'வோதி'. அதில் ஓ தெளிவாகக் கேட்கிறது. ஆகவே ஒருமையிலும் ஓ போடு, 'வொதா' என்று எழுது, 'வதா' என்று படி. இப்படி ஒரே வேரில் பிறந்த சொற்களை ரஷ்யர்களே 'உறவுச் சொற்கள்' என்றுதான் சொல்கிறார்கள். இவர்கள் சொல்லின் குரலை எழுதுவதில்லை, அதன் குடும்பத்தை எழுதுகிறார்கள். ஒரு வேர் எந்த வேஷத்தில் வந்தாலும், எந்த அசை மழுங்கினாலும், காகிதத்தில் அதன் முகம் மாறக் கூடாது.

இதைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் பாலுக்கு உறவு தேடினேன். 'பாலாலான' என்று பொருள்படும் 'மலோச்னி' கிடைத்தது. அதில் இரண்டாவது ஓ-வின்மேல் அழுத்தம். ஆக, நடு ஓ காப்பாற்றப்பட்டது. முதல் ஓ? அதற்கு உறவே இல்லை. நாய் (சபாக்கா என்று சொல், சொபாக்கா என்று எழுது), பசு (கரோவா, கொரோவா) எல்லாம் இதே ஜாதி. இவற்றை 'அகராதிச் சொற்கள்' என்று தனிப் பட்டியல் போட்டு, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். பாலையும் பசுவையும் விதிக்குள் அடக்க முடியாத விதி என்ன விதியோ!

எல்லை தாண்டி பெலாரஸ் போனால் இந்தத் தலைவலி இல்லை. அவர்கள் பேச்சிலும் அழுத்தமில்லாத ஓ, ஆ-வாகத்தான் வரும். ஆனால் அவர்கள் வாய் சொல்வதையே கை எழுதட்டும் என்று முடிவெடுத்தார்கள். அங்கே பால் 'மலக்கோ' என்றும் தண்ணீர் 'வதா' என்றும்தான் எழுதப்படும். பக்கத்து வீடு, கிட்டத்தட்ட அதே ஒலிப் பழக்கம், நேரெதிர்க் கொள்கை.

நாமும் இந்த விஷயத்தில் ரஷ்யர்களுக்கு எதிர்த்தரப்புதான். மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரங்கள் என்று எழுதுகிறோம். கடலும் கரையும் சேர்ந்தால் கடற்கரை. ஒலி மாறினால் எழுத்தையும் மாற்றி, அதற்குப் புணர்ச்சி என்று பெயர் வைத்து, பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணும் போடுகிறோம். ரஷ்ய விதி தமிழை ஆண்டிருந்தால் 'மரம்கள்' என்று எழுதிவிட்டு 'மரங்கள்' என்று படிக்கச் சொல்லியிருப்பார்கள். இன்றைக்கு இணையத்தில் சிலர் எழுதுவதைப் பார்த்தால், அந்த விதி ஏற்கெனவே வந்துவிட்டதோ என்றும் தோன்றுகிறது.

மெய்யெழுத்திலும் இதே கதைதான். ஓக் மரத்துக்கு ரஷ்யச் சொல் 'தூப்'. வாய் சொல்வது கப்பலில் வரும் ப. எழுதுவதோ கம்பத்தில் வரும் ப. ஏனென்றால் பன்மையில் அது கம்பத்துப் ப-வாக ஒலிக்கிறது. நமக்கு இரண்டுக்கும் ஒரே எழுத்து. அவர்களுக்கு இரண்டு. அதனால் தமிழன் இங்கே இரட்டிப்பாகத் தடுக்கி விழுவான். முதலில் வித்தியாசம் காதில் ஏறாது. ஏறிய பிறகு, காதை நம்பாதே என்பார்கள்.

வாய்க்கு வராத எழுத்துகளும் உண்டு. முதல் நாள் வகுப்பில் சொல்லிக்கொடுத்த வணக்கம் 'ஸ்த்ராஸ்த்வுய்த்யே'. எழுதும்போது நடுவில் ஒரு 'வ்' வந்து உட்காரும். இதயம் என்ற சொல்லிலும் ஒரு 'த்' ஒளிந்திருக்கிறது, ஒருமையில் கேட்காது, 'இதயம் சார்ந்த' என்று நீட்டினால் வெளியே வரும். அதுவாவது உறவுக்குக் கட்டுப்பட்டது. 'அவனுடைய' என்ற சொல்லை 'யெகோ' என்று எழுதி 'யெவோ' என்று படிப்பார்களே, அதற்கு எந்த உறவும் உதவிக்கு வராது. 'இன்று' என்பதும் அப்படித்தான், 'செகோத்ன்யா' என்று எழுதி 'சிவோத்ன்யா'. இங்கே க என்பது வ, அவ்வளவுதான், மேலே கேட்காதே.

குடும்பத்தை எழுதுவது என்று ஒரு கொள்கை வைத்தால் அதிலேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. சில முன்னொட்டுகளில் மட்டும் திடீரென்று காதின் பேச்சைக் கேட்பார்கள். 'இல்லாத' என்று பொருள் தருகிற 'பெஸ்' முன்னொட்டின் கடைசி மெய், அடுத்து வருகிற எழுத்துக்கு ஏற்ப அதிர்வுள்ளதாகவோ அதிர்வில்லாததாகவோ எழுத்திலேயே மாறும். கிட்டத்தட்ட நம் புணர்ச்சி. இதில் ஒரு வேடிக்கை. அதிர்வில்லாத 'பெஸ்' தனியாக நின்றால் ரஷ்ய மொழியில் பிசாசு என்று அர்த்தம். இந்த மாற்றம் புரட்சிக் காலச் சீர்திருத்தத்தில் உறுதியானது என்பதால், பக்திமான்கள் சிலர் இன்றும் முணுமுணுக்கிறார்கள்: போல்ஷெவிக்குகள் எங்கள் சொற்களுக்குள் பிசாசைக் குடியேற்றிவிட்டார்கள்!

உண்மையில் அந்தச் சீர்திருத்தம் போல்ஷெவிக்குகளின் மூளையில் உதித்ததில்லை. 1904-லேயே அறிவியல் கழகம் ஒரு குழு அமைத்து, மொழி அறிஞர்கள் வரைவு தயாரித்து வைத்திருந்தார்கள். அரசு அசையவில்லை. புரட்சிக்குப் பிறகு 1918 அக்டோபரில் ஆணையாக வந்தது. எழுத்துப் பட்டியலில் நான்கு வேலை செய்தார்கள். மூன்று எழுத்துகளை ஒழித்தார்கள், நான்காவதற்குப் பாதி வேலையைப் பறித்தார்கள். ஒழிந்தவற்றில் பெரியது 'யாத்'. அது சாதாரண 'யே' போலவேதான் ஒலித்தது. எந்தச் சொல்லில் யாத், எதில் யே என்பதைப் பிள்ளைகள் பாட்டுப் பாடி மனப்பாடம் செய்தார்கள். "வெள்ளை, வெளிறிய, ஏழைப் பிசாசு பசியோடு காட்டுக்கு ஓடியது" என்று போகும் அது. ஆசிரியை தன் பாட்டியிடம் கேட்டதாகச் சொல்லி இரண்டு வரி பாடிக் காட்டினார். பிசாசு மறுபடியும்.

பாதி வேலை இழந்தது 'வன்மைக் குறி'. அதற்குத் தனி ஒலியே கிடையாது. பழைய வழக்கில் மெய்யில் முடியும் ஒவ்வொரு சொல்லின் வாலிலும் அதைக் கட்டாயமாக ஒட்ட வேண்டும். எத்தனை காகிதம், எத்தனை மை! சீர்திருத்தத்தை எதிர்த்த அச்சகங்களில் கப்பற்படையினர் புகுந்து அந்த எழுத்தின் அச்சுகளையே அள்ளிக்கொண்டு போனார்கள். விளைவு, சொல்லின் நடுவே அது நியாயமாகத் தேவைப்பட்ட இடத்தில்கூடப் போட எழுத்தில்லாமல், வெறும் மேற்கோள் புள்ளியைப் போட்டுப் பல ஆண்டுகள் ஒப்பேற்றினார்கள். இன்றைக்கு அது அபூர்வம். எனக்கு அது அன்றாடம் கண்ணில் படும், ஏனென்றால் 'ஊசி போடுதல்' என்பதற்கான 'இன்யெக்த்ஸியா' என்ற சொல்லின் நடுவில் அது உட்கார்ந்திருக்கிறது.

அந்தச் சீர்திருத்தம் கிளப்பிவிட்ட ஒரு குழப்பம் நம் ஊர்வரை நீளும். 'மீர்' என்ற ஒலியில் இரண்டு சொற்கள் இருந்தன. ஒரு இ போட்டால் அமைதி, இன்னொரு இ போட்டால் உலகம். இரண்டாவது இ-யை ஒழித்ததும் இரண்டும் ஒரே எழுத்தாகிவிட்டன. தல்ஸ்தோயின் பெரிய நாவல் 'வய்னா இ மீர்' (போரும் அமைதியும்). அந்தத் தலைப்பில் உள்ள 'மீர்' உலகமாக இருக்குமோ என்ற கட்டுக்கதை ரஷ்யாவிலேயே சுற்றுகிறது. பழைய அச்சில் அமைதிக்கான இ-தான் இருக்கிறது, வழக்கு முடிந்தது. தமிழில் மொழிபெயர்த்த டி.எஸ். சொக்கலிங்கமோ அமைதியும் வேண்டாம் உலகமும் வேண்டாம் என்று 'போரும் வாழ்வும்' என வைத்தார். என்னைக் கேட்டால் அதுதான் நல்ல தலைப்பு.

நம் ஊர்வரை வந்த இன்னொன்று 'யோ'. 'யே' எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைத்தால் 'யோ'. 1783-இல் ரஷ்யக் கழகத்தின் கூட்டத்தில் இளவரசி தாஷ்கவா முன்மொழிந்தது. ஒரே ஒலிக்கு ஏன் இரண்டு எழுத்தைச் சேர்த்து எழுத வேண்டும் என்று அவர் கேட்டதாகச் சொல்வார்கள். நல்ல கேள்வி. ஆனால் அந்தப் புள்ளிகளை வைப்பதற்கு ரஷ்யர்களுக்குச் சோம்பல். அச்சிலும் பெரும்பாலும் வைப்பதில்லை, படிக்கிறவருக்குத் தெரியாதா என்ன என்று விட்டுவிடுவார்கள். படிக்கிறவர் நாகர்கோவிலிலிருந்து வந்தவராக இருந்தால் தெரியாது. புள்ளியில்லாமல் 'வ்ஸே' என்றால் எல்லாரும், புள்ளியோடு 'வ்ஸ்யோ' என்றால் எல்லாம். "எல்லாரும் சாப்பிட்டார்களா, எல்லாவற்றையும் சாப்பிட்டார்களா" என்று நோயாளி விவகாரத்தில் நான் ஒருமுறை குழம்பியிருக்கிறேன். நாம் பல்லாண்டு செய்தித்தாளில் படித்த கோர்பசேவின் பெயர் உண்மையில் 'கர்பச்சோஃப்'. குருஷ்சேவும் அங்கே 'ஷோஃப்' என்றுதான் முடிவார். புள்ளி உதிர்ந்த எழுத்து ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நமக்கு வந்தது. பாஸ்போர்ட்டில் யே, பிறப்புச் சான்றிதழில் யோ என்று இருந்து, சொத்து வாங்க அலுவலகம் அலுவலகமாக அலைகிறவர்கள் ரஷ்யாவில் உண்டு. இனிஷியல் மாறிப்போய் தாலுகா அலுவலகத்துக்கு நடந்த நமக்கு அவர்கள் பாடு புரியும். உல்யானவ்ஸ்க் நகரில் இந்த எழுத்துக்கு 2005-இல் நினைவுச் சின்னமே வைத்தார்கள். சிலை வைத்துவிட்டு மறந்துவிடுவது எல்லா நாட்டுப் பழக்கம்தான் போல.

வன்மைக் குறியின் தங்கை 'மென்மைக் குறி'. அதற்கும் ஒலியில்லை, முன்னால் உள்ள மெய்யை மென்மையாக்கும். ஆனால் 'ஷ்' என்றைக்கும் மென்மையாகாது. ஆகாத ஒலிக்குப் பின்னாலும் இந்தக் குறியை வைக்கிறார்கள். எலி, 'மிஷ்', குறி உண்டு. நாணல், 'கமிஷ்', குறி இல்லை. முடிவு ஒரே மாதிரி ஒலிக்கும். எலி பெண்பால், நாணல் ஆண்பால். பெண்பாலுக்குக் குறி, அவ்வளவுதான். ஒலிக்கவே ஒலிக்காத ஓர் எழுத்து, பொட்டு வைத்த மாதிரி பாலைக் காட்டுகிறது. மருத்துவர், 'வ்ராச்', பெண்ணாக இருந்தாலும் இலக்கணத்தில் ஆண். குறி கிடையாது. எங்கள் மருத்துவமனையில் மருத்துவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

வினையுரிச் சொற்களில் இந்த 'ஷ்' முடிவு வந்தால் குறி வை என்று விதி. மூன்று சொற்கள் விலக்கு. அவற்றை வரிசையாகச் சொன்னால் "உஷ் ஸாமுஷ் நிவ்தெர்ப்யோஷ்" என்று ஒரு வாக்கியமே வந்துவிடும். கல்யாணம் கட்டிக்க ஆசை தாங்கல என்று அர்த்தம்! பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். எங்கள் வகுப்பில் இந்த விதியை மட்டும் யாருமே மறக்கவில்லை.

அறை நண்பன் மதுரைக்காரன். இலக்கணம் என்றாலே காய்ச்சல் வரும் அவனுக்கு. ஒருநாள் உருளைக்கிழங்கு பொரித்துக்கொண்டிருந்தபோது நான் அன்றைய பாடத்தை விளக்கினேன். 'பொரித்த உருளைக்கிழங்கு' என்று எழுதினால் 'பொரித்த' என்ற ரஷ்யச் சொல்லில் ஒரு ன். 'எண்ணெயில் பொரித்த' என்று எழுதினால் அதே சொல்லில் இரண்டு ன். இன்னொரு சொல் வந்து அதைச் சார்ந்து நின்றால், பெயரடை எச்சமாகிவிடும், எச்சத்துக்கு இரண்டு. உச்சரிப்பில் ஒரு வித்தியாசமும் இல்லை. கரண்டியோடு திரும்பினான். "அதாவது மச்சி, எண்ணெய் ஊத்தினா ஒரு ன் ஃப்ரீ?"

இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடநூலும் சொன்னதில்லை.

சாலட் நறுக்கும்போது அடுத்த பாடம். பாதித் தக்காளி என்றால் 'பாதி'யையும் தக்காளியையும் ஒட்டி எழுது. பாதி வெள்ளரிக்காய் என்றால் நடுவில் சிறு கோடு போடு, ஏனென்றால் ரஷ்ய வெள்ளரிக்காய் உயிரெழுத்தில் தொடங்குகிறது. பாதி எலுமிச்சைக்கும் கோடு, அது 'ல்' எழுத்தில் தொடங்குகிறது. பாதி மாஸ்கோ என்றாலும் கோடு, பெரிய எழுத்தில் தொடங்குவதால். "இது மொழியா, வருமான வரிச் சட்டமாடா?" என்றான் அவன்.

மூன்றாம் ஆண்டில் வார்டுக்குப் போனபோது விளையாட்டு முடிந்தது. நோயாளியின் வரலாற்றை ரஷ்ய மொழியில் கையால் எழுத வேண்டும். கையெழுத்தில் ல், இ, ஷ் எல்லாம் ஒரே மாதிரி கொக்கிகள். 'நீ பறிப்பாய்' என்று பொருள்படும் 'லிஷிஷ்' என்ற சொல்லை எழுதினால் வேலிக்கம்பி மாதிரி இருக்கும். எங்கும் போல அங்கும் மருத்துவர்கள் கோழி கிளறியதுபோல் எழுதுவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருநாள் கையில் வெந்நீர் கொட்டி வந்த ஒருவருக்கு 'வலது கையில் தீக்காயம்' என்று எழுதினேன். தீக்காயம் 'அஜோக்'. 'சுட்டுவிட்டான்' என்பதும் அஜோக். பெயர்ச்சொல்லுக்கு ஓ, வினைச்சொல்லுக்கு யோ. நான் யோ போட்டுவிட்டேன். மூத்த மருத்துவர் படித்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "யார் சுட்டது?"

'ஐந்து நாள்களுக்கு' என்று மருந்துச் சீட்டில் எழுதும் சொற்றொடர் ஒன்று யே-யில் முடியும். 'நோயின் போக்கில்' என்று எழுதினால் அதே சொல் இ-யில் முடியும். காதுக்கு இரண்டும் ஒன்று. மருத்துவனாக இருந்தால் இரண்டும் ஒரே பக்கத்தில் வரும். நான் பல நாள் கடைசி எழுத்தைக் கிறுக்கலாக விட்டு, யே என்றும் படிக்கலாம் இ என்றும் படிக்கலாம் என்று தப்பித்தேன். மருத்துவர்களின் கையெழுத்து மோசமாக இருப்பதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம்.

அந்த வார்டில்தான் வோலக்தா பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பாட்டி வந்து சேர்ந்தார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். "மொலொக்கோ" என்றார்.

எனக்குக் காது குளிர்ந்தது. முதல் நாள் கடையில் நான் சொன்ன அதே சொல், அதே மூன்று ஓ, உருண்டையாக. ரஷ்யாவின் வடக்கில் பழைய தலைமுறை அழுத்தமில்லாத ஓ-வையும் ஓ என்றே சொல்லும். ஆ-வாக மழுக்குவது மாஸ்கோவும் தெற்கும் கொண்டுவந்து பொதுப் பேச்சாக்கிய வழக்கம். எழுத்தோ பழைய ஓ-வைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. என்னோடு வந்த ரஷ்ய மாணவன் பாட்டியின் பேச்சைக் கேட்டு, பட்டிக்காடு என்பதுபோல் சிரிப்பை அடக்கினான். நான் பேனாவை எடுத்தேன். வொதா, கொரோவா, மொலொக்கோ. பாட்டி சொல்லச் சொல்ல எழுதினேன். ஓ-வில் ஒரு பிழைகூட வராத ஒரே நோயாளி வரலாறு என் படிப்புக் காலத்தில் அதுதான்.

ரஷ்யர்களே இதில் திணறுகிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. 1964-இல் எளிமைப்படுத்த ஒரு திட்டம் வந்தது. முயல் என்ற சொல்லில் ஓர் எழுத்தை மாற்றலாம், 'ஷ்'-க்குப் பின்னால் உள்ள ஊமைக் குறியை எடுக்கலாம் என்றெல்லாம். ஊரே கொதித்தது. எங்கள் முயலைத் தொடாதே என்றார்கள். திட்டம் கைவிடப்பட்டது. கஷ்டப்பட்டுக் கற்றதை யாரும் சும்மா விட்டுத்தர மாட்டார்கள், நம் ஊரில் 1978-இல் ணை, லை, றா எழுத்துகள் மாறியபோது பெரியவர்கள் புலம்பியது எனக்குக் கேள்விப்பட்ட நினைவு. நோவசிபிர்ஸ்க் பல்கலைக்கழகத்தில் 2004-இல் 'முழுச் சொல்வதெழுதல்' என்று ஒன்று ஆரம்பித்தார்கள். வருடம் ஒருமுறை, பெரியவர்கள் தாமாகவே வந்து, பள்ளிப் பிள்ளைபோல் உட்கார்ந்து, யாரோ படிப்பதைக் கேட்டு எழுதி, மதிப்பெண் வாங்கிப் போகிறார்கள். இன்று பல நாடுகளில் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சந்திப்பிழைத் தேர்வுக்கு நம்மில் எத்தனை பேர் கிளம்புவோம் என்று யோசித்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

ரஷ்யர்கள் அதிகம் வழுக்கும் இடம் ஒரு மென்மைக் குறிதான். 'கதோவித்ஸா' என்ற சொல். 'அவன் தயாராகிறான்' என்றாலும் 'தயாராக' என்றாலும் ஒலி ஒன்றே. முதலாவதில் நடுவில் குறி இல்லை, இரண்டாவதில் உண்டு. கண்டுபிடிக்க வழி: வினையைப் பார்த்துக் கேள்வி கேள். 'என்ன செய்கிறான்?' என்ற கேள்வியில் குறி இல்லை, பதிலிலும் போடாதே. 'என்ன செய்ய?', அதாவது 'ஷ்தோ த்யேலத்?' என்ற கேள்வியின் முடிவில் குறி இருக்கிறது, பதிலிலும் போடு. எங்கள் ஆசிரியை இதை விளக்கிய பிறகு, யாராவது தவறினால் திருத்த மாட்டார். மேஜையருகே வந்து நின்று அந்தக் கேள்வியை மட்டும் கேட்பார்.

ஊர் திரும்பிப் பதினோரு வருடம் ஆகிறது. ரஷ்ய மொழியில் எழுதும் வேலை இப்போது இல்லை. போன மாதம் அவருடைய பிறந்தநாளுக்கு டெலிகிராமில் நீளமாக ஒரு வாழ்த்து எழுதினேன். யோ-வுக்கெல்லாம் புள்ளி வைத்தேன். எல்லா ஓ-வுக்கும் உறவைத் தேடினேன். கடைசியில் வீட்டுச் செய்தியாக, மகள் முதல் வகுப்புக்குத் தயாராகத் தொடங்கிவிட்டாள் என்று ஒரு வரி சேர்த்தேன். இரவு பத்து மணிக்குப் பதில் வந்தது. நன்றி இல்லை, நலமா இல்லை.

"ஷ்தோ த்யேலத்?"